புது ஊரில் ஒரு கூட்டாளி



போன மாதம் வரவு செலவுப் பதிவேடு எழுதுவது பற்றிப் படித்தோம். இந்த மாதப் பாடத்தில் வட்டி இல்லை, தவணை இல்லை. ஆனாலும் ஒரு கணக்கு உண்டு, அது மணிக்கணக்கு. வயசு ஐம்பதைத் தாண்டின பிறகு ஊர் மாறிப் போகிற ஒரு பெண்ணுக்கு, போன இடத்தில் சேர்ந்து சிரிக்கவும், மனசுக்குப் பிடிச்ச ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்யவும் ஆள் எப்படிக் கிடைக்கும் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

"இதெல்லாம் ஒரு பாடமா?" என்று சிலர் நினைக்கலாம். உங்கள் தெருவில் கடந்த ஒரு வருசத்தில் புதுசாக வந்த வயசான அம்மாக்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேருடைய பேர் உங்களுக்குத் தெரியும் என்று அடுத்தபடி எண்ணுங்கள். ரெண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் இந்தப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கம் போய்விடலாம்.

ரெண்டாம் தடவை ஊர் மாறுவது

நாம் பெரும்பாலும் ஒரு தடவை ஊர் மாறினவர்கள்தான். கல்யாணம் ஆகி வந்தோம். அன்றைக்கு வயசு இருந்தது, வேலை இருந்தது. தண்ணி எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி, களையெடுக்கப் போன காட்டில் ஒருத்தி, பால் சொசைட்டியில் கேனோடு நிற்கும்போது ஒருத்தி என்று தானாகவே பழக்கம் வந்தது. யாரும் தேடிப் போய் "என்னோடு பழகுங்கள்" என்று கேட்கவில்லை. பிள்ளை பிறந்ததும் அதன் பேராலும் நாலு வீடு பழக்கமானது.

ரெண்டாம் தடவை மாறுவது வேறு. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், ஒத்தை ஆளாகப் பண்ணையம் பார்க்க முடியவில்லை. கிணறு வத்திப் போச்சு, போர் போட்டும் தண்ணி இல்லை, காட்டை விற்றாச்சு. மகன் திருப்பூர்க் கம்பெனியில், மருமகளும் கம்பெனியில், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். மகளுக்குப் பிரசவம் என்று கோவை வந்தவர் அப்படியே தங்கிவிடுகிறார். தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் குடும்பத்தோடு வருகிறார்கள், அவர்களோடு ஒரு பாட்டியும் வருகிறார். இதற்கு நேர் எதிராக, முப்பது வருசம் மில் லைனில் குடியிருந்துவிட்டு, வேலை முடிந்து சொந்த ஊர் திரும்புகிற அம்மாக்களும் உண்டு. சொந்த ஊர்தான், ஆனால் கூட விளையாடினவர்கள் எல்லாம் கட்டிக்கொடுத்துப் போய்விட்டார்கள். ஊரே அவருக்குப் புதுசு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே கோவை மாவட்டத்தில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் நகரப் பகுதியில் இருந்தார்கள். அப்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்களாக இருந்தார்கள். அதனால் இது எங்கோ ஒரு வீட்டுக் கதை கிடையாது. இன்றைக்கு மாமியாரை அழைத்து வருகிற மருமகள்தான் நாளைக்குப் பையோடு மகன் வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறாள்.

களப்பணியில் நான் பார்த்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். காங்கேயம் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் இருந்தவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு மாடு கன்றை எல்லாம் விற்றுவிட்டு, திருப்பூரில் மகன் குடியிருக்கிற லைன் வீட்டுக்கு வந்தார். மகனும் மருமகளும் காலையில் கம்பெனிக்குப் போனால் ராத்திரிதான் வருவார்கள். பேத்தி பள்ளிக்கூடம் போய்விடும். எட்டுக் கதவு உள்ள லைனில் ஏழு கதவு பூட்டியே கிடக்கும். அவர் என்னிடம் சொன்னது இது: "சாளையில இருந்தப்போ மாடு கன்னுகிட்டயாவது பேசிட்டிருந்தனுங்க. அதுக திரும்பிப் பார்க்கும். இங்க டிவி பேசீட்டே இருக்குது, நாம பேசினா அது கேக்கறதில்லீங்."

மருமகளைக் குறை சொல்ல முடியாது. ஷிப்ட் முடித்து வந்து சமைத்து, துவைத்து, பிள்ளையைப் படிக்க வைத்துப் படுக்கும்போது மணி பதினொன்று. "அத்தைக்கு மூணு நேரம் சோறு, மருந்து, மாத்திரை எதுக்கும் குறை வைக்கலீங்க" என்றார். உண்மைதான், எதிலும் குறை வைக்கவில்லை. அந்த அம்மாவுக்கோ தலை கிறுகிறுப்பு, பசியில்லை, தூக்கமில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்துப் பார்த்ததில் பெரிய கோளாறு ஒன்றும் தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். வயசானவர் சோர்ந்து கிடந்தால் "தனிமைதான், வேறொன்றும் இல்லை" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ரத்தசோகை, தைராய்டு என்று எதுவாகவும் இருக்கலாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். வாழ்ந்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அதே சமயம், தனிமையைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், தனிமையோடு தொடர்புள்ள சாவுகள் வருசத்துக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் இருக்கும் என்றும் அதில் கணக்குச் சொல்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, மறதி எல்லாவற்றுக்கும் தனிமைக்கும் சம்பந்தம் உண்டு என்கிறது அந்த அறிக்கை. "கிழவிக்கு என்ன குறை, மூணு வேளை சாப்பாடு, ஃபேன் காற்று" என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எத்தனை மணி நேரம் ஆகும்?

இப்போது மணிக்கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்கிற பேராசிரியர் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் வீடு மாறி, புது இடத்துக்கு வந்த 355 பேரிடம், "இங்கே வந்து யாரோடு பழகினீர்கள், அவரோடு எத்தனை மணி நேரம் செலவழித்தீர்கள், இப்போது அவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டார். அதில் தெரிந்தது இதுதான். முகம் தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரணப் பழக்கமாவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகிறது. தோழி என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம். மனசு விட்டுப் பேசும் நெருக்கம் வர 200 மணி நேரத்துக்கு மேல்.

நம் கதையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். களையெடுப்புக்கு ஒரே ஆட்களோடு ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் என்று இருபது நாள் போனால் நூறு மணி நேரம். ஒரே ஒரு பட்டத்தில் தோழி கிடைத்துவிடுகிறாள்! ஊரில் இருந்த வரைக்கும் தோழமை தானாக வந்தது போலத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். வேலையோடு வேலையாக நேரம் சேர்ந்துகொண்டே இருந்தது. லைன் வீட்டில் அந்த நேரம் சேர வழியே இல்லை. தண்ணி வரும் பத்து நிமிசம், குப்பை வண்டி வரும் ரெண்டு நிமிசம், அவ்வளவுதான். அந்த அம்மாவின் குணத்தில் குறை இல்லை. "எனக்குப் பேசிப் பழகத் தெரியலீங்க" என்று நிறையப் பேர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பேச்சு வராதவர்கள் இல்லை, மணி சேராதவர்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. வேலை பார்க்கிற இடத்தில் சேர்ந்து இருக்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறுவதில்லையாம். சும்மா உட்கார்ந்து பேசுவது, விளையாடுவது, சேர்ந்து சாப்பிடுவது போன்ற நேரம்தான் நெருக்கத்தைக் கொண்டு வருகிறது. (நம்ம களையெடுப்பு வெறும் வேலையா என்ன? பாட்டும் கேலியும் அடுத்த வீட்டுக் கதையும் இல்லாமல் எந்தக் காட்டில் களை எடுத்தார்கள்? அந்தப் பேராசிரியர் நம்ம பக்கம் வந்திருந்தால் கணக்கைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருப்பார்.)

நம் குழுக்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் கூட்டம் என்றால் வருசத்துக்கு 52 மணி. அதிலும் பாதி நேரம் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம், பாக்கி நேரம் பாக்கி வசூல்! பத்து வருசமாகக் கூட இருக்கிறவர்களுக்கு அது போதும். புதிதாக வந்து சேர்ந்த ஒரு அம்மா வருசம் முழுக்க வந்தாலும் "சந்தா கட்டுகிற அக்கா" என்கிற நிலையைத் தாண்ட மாட்டார். குழுவில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைப்பது அவ்வளவு சரியில்லை.

கும்மி வட்டம் செய்கிற வேலை

அப்படியானால் 90 மணி நேரம் எங்கே கிடைக்கும்? நம்ம கொங்குப் பக்கத்தில் அதற்கு ஒரு வழி கண்ணெதிரே இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஊருக்கு ஊர் வள்ளி கும்மிப் பயிற்சி நடப்பதைப் பார்க்கிறீர்கள். பொழுதோட கோயில் மைதானத்தில் லைட்டுப் போட்டு, வாத்தியார் மைக்கில் பாட, சின்னப் பிள்ளையிலிருந்து பாட்டி வரைக்கும் வட்டமாக நின்று அடி எடுத்து வைக்கிறார்கள். வள்ளி தினைப்புனம் காத்ததும், முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து கடைசியில் கல்யாணம் நடந்ததும்தான் கதை. தினமும் ரெண்டு மணி நேரம், ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொண்டால் 90 மணி நேரம். அதற்கப்புறம் அரங்கேற்றம். கணக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

பெண்கள் இந்த வட்டத்துக்குள் வந்தது தானாக நடந்ததல்ல. தைப் பொங்கலுக்கு மறுநாள், அதற்கு மறுநாள் பூப்பறிக்கும் நோம்பி என்று கூடையோடு போய் நாம் கும்மி அடித்தது காலங்காலமாக உண்டு. ஆனால் ஒயிலும் அடவுமாகக் கதை சொல்லி ஆடுகிற வள்ளி ஒயில் கும்மி பெரும்பாலும் ஆண்கள் ஆட்டமாகவே இருந்தது. கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பன் அந்த வழக்கத்தை மாற்றிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது அவருக்கு வயது 87. பெண்களை ஆட வைத்ததையும் சொல்லித்தான் அந்த விருதை அறிவித்தார்கள்.

புது ஊருக்கு வந்தவருக்கு கும்மி ஏன் சௌகரியம் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வட்டத்தில் யார் பக்கத்தில் நிற்பது என்று தேட வேண்டியதில்லை, இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி தானாக அமைந்துவிடுகிறார்கள். என்ன பேசுவது என்று தயங்க வேண்டியதில்லை, கால் தப்பினால் ரெண்டு பேரும் சிரித்துவிடுகிறார்கள், அதுவே பேச்சு. படிக்கத் தெரியாதது குறையில்லை, பாட்டைக் கேட்டே ஆடலாம். ஒரு நாள் வராமல் போனால் மறுநாள், "ஏனுங்க்கா, நேத்து உங்களைக் காணம்?" என்று ஒரு குரல் வரும். அந்தக் கேள்விக்காகத்தான் மனுசி ஏங்குகிறாள். நாம் வராததை ஒருத்தர் கவனித்தார் என்றால் அந்த ஊரில் நமக்கு ஓர் இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் நெருடலான சங்கதிகளும் உண்டு, மறைக்க வேண்டாம். வீட்டுக்காரர் இல்லாதவர் ஆட்டத்துக்கு வரலாமா என்று முணுமுணுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர் மாறி வருகிற அம்மாக்களில் நிறையப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான். அவர்களை விலக்கினால் பிறகு யாருக்காகத்தான் அந்த வட்டம்? அரங்கேற்றத்துக்கு எல்லாருக்கும் ஒரே சேலை என்று எடுக்கிறார்கள், அந்தச் செலவுக்குப் பயந்து பின்வாங்குகிறவர் உண்டு. குழுவின் உள்கடனில் கொடுக்கலாம், இருக்கிற சேலையிலேயே ஒரே நிறமாகப் பார்த்து உடுத்தலாம், இதற்காக யாரையும் விடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. புதுசாக ஒருத்தர் வந்து நின்றதும் சில இடங்களில் முதலில் கேட்பது "நீங்க எந்த ஊருங்க?", ரெண்டாவது "நீங்க என்ன ஆளுங்க?" அந்த ரெண்டாவது கேள்வி கேட்கப்பட்ட மறுநாள் வராமல் நின்றுபோன பெண்களை நான் அறிவேன். ஒரே சாதிக்காரர்கள் மட்டும் கூடி ஆடுகிற வட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு மில் தொழிலாளியின் அம்மாவுக்கு இடம் கிடைக்காது. எங்கள் கூட்டமைப்புக் குழுக்களில் எல்லாரும் ஒரே பாயில் உட்காருகிறோம். நம் குழுக்கள் ஏற்பாடு செய்கிற கும்மியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். ரெண்டாவது கேள்வியாக "உங்களுக்கு என்ன பாட்டுத் தெரியுமுங்க?" என்று கேட்டுப் பழகலாமே.

இந்த மாதிரி வட்டம் நம்மிடம் மட்டும் இல்லை. சீனாவில் நகரங்களின் பூங்காவிலும் சதுக்கத்திலும் பொழுது சாய்ந்ததும் நடுவயது தாண்டின பெண்கள் பாட்டுப் போட்டு வரிசையாக ஆடுகிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த பாட்டிகளும் அதில் வந்து சேருகிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரும் அளவுக்கு இது பெருகிப் போய், 2015இல் அந்நாட்டு அரசே தலையிட்டு 12 ஆட்டங்களை வகுத்துக் கொடுத்தது. ஸ்பீக்கர் சத்தத்தை நாமும் கொஞ்சம் குறைத்து வைப்பது நல்லது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு.

முழங்கால் வலிக்காரர்களுக்கு

"கும்மி எல்லாம் சரிங்க, எனக்கு முட்டி மடங்காதே" என்கிறீர்களா? வட்டத்தில் ஆடத்தான் வேண்டும் என்றில்லை. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஆட்கள், கைக்கு ஒரு வேலை. இந்த நாலும் இருந்தால் எதுவும் ஆகும்.

பல்லாங்குழி, தாயக்கரம், ஆடு புலி ஆட்டம் நமக்குத் தெரியாததா? பதினாலு குழிப் பலகை இல்லாவிட்டால் திண்ணையில் சாக்பீஸால் வட்டம் போட்டுப் புளியங்கொட்டை போதும். மதுரைப் பக்கத்து அம்மாவுக்கும் நமக்கும் பேச்சு வழக்கு வேறாக இருக்கலாம், பல்லாங்குழி ரெண்டு பேருக்கும் தெரியும். ஆட்ட விதி கொஞ்சம் மாறியிருந்தால் இன்னும் நல்லது, "எங்க ஊருல இப்படி" என்று அரை மணி நேரம் வாதாடலாம்.

விதையும் ஒரு வழி. தோட்டத்திலிருந்து வந்த எந்த அம்மாவின் பையிலும் ஒரு துணி முடிச்சில் அவரை, புடலை, பீர்க்கன் விதை இருக்கும். புது வீட்டில் இடம் இல்லையென்றால் அது முடிச்சிலேயே கிடந்து வண்டு பிடிக்கும். அதை ஆடிப்பட்டத்துக்கு முன்னால் எடுத்துக்கொண்டு, வாசலில் செடி வைத்திருக்கிற வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டட்டும். விதை கொடுக்க வந்தவரை யாரும் வாசலில் நிறுத்திப் பேச மாட்டார்கள். கொடுத்த பிறகு முளைத்ததா, பந்தல் ஏறியதா, பூ உதிர்கிறதா என்று பார்க்கப் போக நாலு மாதத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். காய்த்தால் ஒரு கை காய் திரும்பி வரும்.

முன்னே சொன்ன காங்கேயம் பக்கத்து அம்மாவுக்கு வழி திறந்தது ஒயர் கூடையில். அவருக்குக் கூடை பின்னத் தெரியும் என்பதே மருமகளுக்குத் தெரியாது. பழைய கூடையின் கைப்பிடி அறுந்ததை அவர் வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தபோது, தெருவில் போன ஒருவர் நின்று, "எனக்கும் ஒண்ணு பின்னித் தருவீங்களா?" என்று கேட்டார். "பின்னித் தரமாட்டனுங்க, வந்து உக்காருங்க, சொல்லித் தாறேன்" என்றாராம். நான் இந்த இடத்தில்தான் அந்த அம்மாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்கிறேன். பின்னிக் கொடுத்திருந்தால் காசு வந்திருக்கும், ஆள் வந்திருக்காது. முதலில் ஒருத்தர், பிறகு ரெண்டு பேர், மத்தியானம் மூணு மணிக்கு மாரியம்மன் கோயில் திண்ணை என்று வழக்கமானது. தலை கிறுகிறுப்பு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூணு மணிக்குத் தலை சீவிப் புறப்படுகிறார்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் இதே மாதிரி ஒன்று நடக்கிறது. 2006இல் டிக்சன் சிபண்டா என்கிற மனநல மருத்துவர், ஹராரே நகரத்தில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். மனசு சரியில்லாதவர்கள் வந்து பாட்டியிடம் பேசுவார்கள். பேசி முடித்துப் போகிறவர்கள் திரும்பவும் வீட்டுக்குப் போய்த் தனியாகிவிடக் கூடாதே? அதற்காகச் சின்னச் சின்ன வட்டமாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கை நூலாக்கிப் பை பின்னுகிறார்கள். பை ஒரு சாக்கு. பேச்சுத்தான் காரியம்.

எப்படித் தொடங்குவது?

புதுசாக வந்தவர்களுக்கு முதலில். ஓரிடத்துக்கு ஒரு தடவை போய்விட்டு, "யாரும் பேசலே" என்று திரும்பி வராதீர்கள். நாலைந்து தடவை ஒரே நேரத்துக்குப் போங்கள். மூணாவது தடவை சிரிப்பார்கள், அஞ்சாவது தடவை பேர் கேட்பார்கள். பக்கத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போகலாம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு, "ஆட்டம் பார்க்கப் போகக் காசு கொடு" என்று மகனிடம் கேட்கிற சங்கடம் பலருக்கும் குறைந்தது. நூலகம், கோயில் பஜனை, கும்மி மைதானம், அம்மாக்கள் காலையில் நடக்கிற பள்ளிக்கூட மைதானம் என்று எது மனசுக்கு ஒத்து வருகிறதோ அது.

பழைய ஊர்க்காரர்களை விட்டுவிடாதீர்கள். போனில் பேசுங்கள், ஊர் நோம்பிக்குப் போய் வாருங்கள். ஆனால் நாள் முழுக்கப் போனிலேயே பழைய ஊரில் குடியிருந்தால் இந்த ஊர் வாசலிலேயே நின்றுபோகும்.

இன்னொன்று மிக முக்கியம். புதுப் பழக்கத்தில் பணம் வேண்டாம். தனியாக இருக்கிற அம்மா, காட்டை விற்ற காசு கையில் இருக்கிறது என்று தெரிந்தால், "அக்கா அக்கா" என்று ஓடி வருகிறவர்களும் உண்டு. ஏலச்சீட்டு, நகையை ஒரு வாரம் இரவல், ஜாமீன் கையெழுத்து என்று ஆரம்பிப்பார்கள். கொடுக்கல் வாங்கல் என்றால் குழு வழியாக, பதிவேட்டோடு நடக்கட்டும். உண்மையான கூட்டாளி அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். "பேத்தி நாலு மணிக்கு வந்துருவா, நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டால் அவர் எழுந்திருக்கவே மாட்டார். வாரத்தில் மூணு பொழுதாவது அவருடையது என்று சொல்லி வைத்துவிடுங்கள். பேத்தியையும் கூட்டிப் போகலாம், கும்மி வட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு.

குழுக்கள் செய்ய வேண்டியது கொஞ்சம் கூடுதல். 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் முதலாக மகளிர் குழுக்கள் தொடங்கினபோதும், 1997இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தபோதும் சேமிப்பும் கடனும்தான் பேச்சாக இருந்தது. ஆனால் பழைய உறுப்பினர்களைக் கேட்டுப் பாருங்கள், "வீட்டை விட்டு வெளியே வந்தோமே" என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அதைப் புதுசாக வருகிறவர்களுக்கும் கொடுக்கலாமே. கணக்கு முடிந்ததும் பதிவேட்டை மூடி வைத்து, அரை மணி நேரம் பாட்டோ பல்லாங்குழியோ வையுங்கள். வயசு கூடிவிட்டது, கடன் கொடுக்க முடியாது என்று ஒதுக்கப்படுகிற அம்மாக்களுக்குத் தனி வழி உண்டு. ஊரக வாழ்வாதார இயக்கத்தில் முதியோர் சிறப்புக் குழு அமைக்க அஞ்சு பேர் இருந்தால் போதும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேளுங்கள். மூத்த குடிமக்களுக்கு வேறு உதவி, ஆலோசனை தேவைப்பட்டால் 14567 என்கிற இலவச எண்ணில் கேட்கலாம்.

குழுவில் இருந்து ஊர் மாறிப் போகிற நம் உறுப்பினருக்கும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. கடனை நேர் செய்து, சேமிப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். போகிற ஊரில் எந்தக் குழு இருக்கிறது, ஊக்குநர் யார் என்று கூட்டமைப்பு மூலம் விசாரித்து, "இந்த அக்கா இத்தனை வருசம் எங்களோடு இருந்தார், நன்றாகப் பாடுவார்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் என்ன? அந்த "நன்றாகப் பாடுவார்" என்கிற வரியை விட்டுவிடாதீர்கள்.

குழுவில் பேச

1. நம் ஊருக்குப் போன ஒரு வருசத்தில் வந்த 50 வயசு தாண்டின பெண்கள் யார் யார்? அவர்கள் பேர், வந்த ஊர், அவர்களுக்குத் தெரிந்த பாட்டு, ஆட்டம், கைவேலை ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள்.

2. நம் குழுவில் கடைசியாகச் சேர்ந்த உறுப்பினர் கூட்டத்தில் எங்கே உட்காருகிறார்? கதவோரத்திலா? அவரிடம் சேமிப்பு, கடன் தவிர வேறு ஏதாவது கடைசியாக எப்போது கேட்டோம்?

3. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் திண்ணை? அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநர் கையெழுத்தோடு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எந்தெந்த ஊரில் கும்மி, எந்தெந்த ஊரில் பல்லாங்குழி என்று அடுத்த இதழில் போடுகிறோம்.